பேயுமல்ல, பில்லி சூனியமுமல்ல – அரிப்பு மாத்திரை!

தோழர்களே!

கித்தாக் காட்டில் பாடுபடுகிறவனுக்கு அரிப்பு புதிய விருந்தாளி அல்ல. விடியுமுன் பெரட்டுக்கு நின்று, ஈரம் காயாத நிரையில் நுழைந்தால் கொசு ஒரு பக்கம், செவ்வெறும்பு ஒரு பக்கம், மரத்தில் ஊரும் கம்பளிப்பூச்சி ஒரு பக்கம். பாலை உறைய வைக்கும் பார்மிக் ஆசிட் தெறித்தால் தோல் வெந்து போகிறது. பால் கெடாமல் இருக்க ஊற்றும் அமோனியா கண்ணையும் மூக்கையும் எரிக்கிறது. போதாக்குறைக்கு, சிலருடைய உடம்புக்குக் கித்தாப் பாலே ஒத்துக்கொள்வதில்லை. அதிலுள்ள புரதம் பட்டால் அவர்களுக்குத் தடிப்பு, தும்மல், சில வேளை மூச்சுத் திணறலும் வருகிறது. ஆகவேதான் அரிப்புக்கும் தும்மலுக்கும் கொடுக்கிற அந்தச் சின்ன மாத்திரை லயத்து வீடுகளில் உப்பு, புளி மாதிரி ஒரு சாமானாகிவிட்டது.

மாத்திரையின் மேல் நமக்குப் பகை கிடையாது. அளவோடு, காரணத்தோடு சாப்பிட்டால் அது நல்ல மருந்துதான். நம்முடைய வழக்கெல்லாம் அதை மருந்தல்லாத காரியங்களுக்குப் பயன்படுத்துவது பற்றித்தான். தூக்கம் வரவில்லையா, இரண்டு போடு. குழந்தை அழுகிறதா, ஒரு கரண்டி ஊற்று. பையன்களுக்குப் பொழுது போகவில்லையா, கைநிறைய விழுங்கி என்ன ஆகிறது பார்ப்போம். இந்த மூன்றும் இன்று நம்மிடையே நுழைந்து கொண்டிருக்கும் தீமைகள். மூன்றாவது, உயிரையே கொண்டு போகக் கூடியது. இதைப் பற்றி வாய் திறக்காமல் இருப்பது சங்கத்தில் இருப்பவர்களுக்கு அழகல்ல.

முதலில் இந்த மருந்து என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்வோம். நம் உடம்பில் ஹிஸ்டமின் என்று ஒரு சரக்கு இருக்கிறது. பூச்சி கடித்தாலும், ஒவ்வாத பொருள் பட்டாலும் உடம்பு இதைக் கொட்டுகிறது. தடிப்பு, அரிப்பு, மூக்கொழுகல் எல்லாம் பெரும்பாலும் அதன் வேலையே. இதைத் தடுக்கும் மருந்துக்கு 1937ஆம் ஆண்டில் பாரிஸ் நகரின் பாஸ்டர் நிலையத்தில் டேனியல் போவே என்ற விஞ்ஞானியும் அவருடன் உழைத்தவர்களும் வழி கண்டார்கள். அவருக்கு 1957இல் நோபெல் பரிசு கிடைத்தது. 1943இல் அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் ஜார்ஜ் ரீவ்ஷல் என்பவர் டைபென்ஹைட்ரமின் என்ற மருந்தைச் செய்தார். 1946 முதல் பெனட்ரில் என்ற பெயரில் அது உலகெங்கும் பரவியது. நம் ஊரில் பிரிட்டோன் என்ற பெயரில் பலருக்கும் பழக்கமான குளோர்பெனிரமின், இருமல் மருந்துகளில் சேர்க்கும் புரோமெத்தசின் ஆகியவையும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவைதான்.

இந்தப் பழைய மருந்துகளுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. அவை தோலோடும் மூக்கோடும் நிற்பதில்லை, மூளைக்குள்ளும் புகுகின்றன. அதனால்தான் தூக்கம் வருகிறது. அத்தோடு அசிட்டைல்கோலின் என்ற இன்னொரு சரக்கையும் தடுத்துவிடுகின்றன. வாயில் எச்சில் ஊறுவது, வேர்ப்பது, சிறுநீர் பிரிவது, கண்மணி சுருங்குவது, நினைவு தெளிவாக இருப்பது எல்லாவற்றுக்கும் அந்தச் சரக்கு வேண்டும். அளவோடு சாப்பிட்டால் வாய் சற்று உலர்வதோடு போய்விடும். அளவு மீறினால் அத்தனையும் ஒன்றாகக் கெடுகின்றன.

இது நம்மவர்களுக்குத் தெரியாத சங்கதி அல்ல. ஊமத்தங்காய் தின்றவன் என்ன ஆவான் என்று நம் பாட்டன் பாட்டிக்குத் தெரியும். வழிப்போக்கர்களுக்குச் சோற்றில் ஊமத்தை விதையைக் கலந்து கொடுத்து, அவர்கள் பிதற்றிக் கிடக்கும்போது மூட்டையைப் பறித்துக்கொண்டு ஓடிய கள்வர்களைப் பற்றி இந்தியாவில் வெள்ளைக்கார அதிகாரிகள் பக்கம் பக்கமாக எழுதி வைத்திருக்கிறார்கள். ஊமத்தையில் உள்ள அட்ரோபின், ஸ்கோபொலமின் என்ற நஞ்சுகள் தடுப்பதும் அதே அசிட்டைல்கோலினைத்தான். ஆகவே, அரிப்பு மாத்திரையைக் கைநிறைய விழுங்குகிறவன் கடையில் வாங்கிய ஊமத்தையை விழுங்குகிறான். பளபளப்பான அட்டையில் அடைத்து விற்பதால் அதன் குணம் மாறிவிடுமா?

அளவு மீறியவனுக்கு என்ன நேர்கிறது? உடம்பு சுடுகிறது, ஆனால் வேர்ப்பதில்லை. முகம் சிவக்கிறது. வாய் காய்ந்து நாக்கு ஒட்டிக்கொள்கிறது. கண்மணி விரிந்து பார்வை மங்குகிறது. நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்கிறது. சிறுநீர் அடைத்துக்கொள்கிறது. அப்புறம் சித்தம் கலங்குகிறது. சுவரில் சிலந்தி ஊர்வதாகச் சொல்லுவான். யாரும் இல்லாத மூலையைப் பார்த்துப் பேசுவான். காற்றில் எதையோ பிடிப்பான். சட்டை நூலைப் பிடுங்கிக்கொண்டே இருப்பான். பெற்ற தாயை யாரென்று கேட்பான். இதில் முக்கியமான சங்கதி ஒன்று: தான் காண்பது மாயை என்று அவனுக்குத் தெரியாது. அவனுக்கு அது நிஜம். பயந்து ஓடினால் எதிரே வருவது லாரியா, கிணறா என்று பார்க்க மாட்டான். இன்னும் அளவு ஏறினால் வலிப்பு வரும், இருதயத் துடிப்பு தாறுமாறாகும், உயிர் போகும்.

இதில் என்ன சுகம் இருக்கிறது என்று கேட்கிறேன். கள்ளுக் குடித்தவனாவது கொஞ்ச நேரம் பாடினான், ஆடினான். இதைத் தின்றவன் பயந்து நடுங்குகிறான். காசு கொடுத்து வாங்கி அனுபவிக்கும் பைத்தியம் இது!

இது வீண் பயமுறுத்தல் என்று நினைக்க வேண்டாம். 2020ஆம் ஆண்டில் அமெரிக்காவில் டிக்டாக் என்ற கைப்பேசிப் படங்கள் வழியாக ஒரு விபரீத விளையாட்டு பரவியது. பெனட்ரில் மாத்திரையை அளவுக்கு மேல் விழுங்கி, மாயக் காட்சி வருகிறதா என்று பார்ப்பதாம்! பிள்ளைகள் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் செல்லப்பட்டார்கள், சாவும் நேர்ந்தது. அவ்வாண்டு செப்டம்பர் 24ஆம் தேதி அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் நாட்டுக்கே எச்சரிக்கை விடுத்தது. அளவு மீறினால் இருதயக் கோளாறும், வலிப்பும், நினைவிழப்பும், மரணமும் நேரும் என்றும், இந்த மருந்தை வீட்டில் பூட்டி வைக்க வேண்டும் என்றும் அது சொல்லியது. அமெரிக்கா எங்கே, நம் ஜோகூர் எங்கே என்பீர்கள். கைப்பேசிக்குக் கடல் ஏது? நியூயார்க்கில் ஒரு பையன் இன்று பார்க்கும் படத்தைச் சிகாமட் லயத்தில் இருக்கும் பையன் இன்றைக்கே பார்க்கிறான்.

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். வடக்கே தாய்லாந்தின் தென்பகுதியில் இளைஞர்கள் ‘நாலு பெருக்கல் நூறு’ என்று பெயர் வைத்து ஒரு கலவை குடிக்கிறார்கள். கெத்தும் இலைக் கஷாயம், கோலா பானம், இருமல் மருந்து, அதற்கு மேல் இன்னும் ஏதாவது ஒன்று. அந்த இருமல் மருந்தில் பல வேளை இருப்பது கொடேயின் அல்லது இதே டைபென்ஹைட்ரமின். எல்லைக்கு இப்புறமும் கெத்தும் தண்ணீரில் இருமல் மருந்தைக் கலக்கும் பழக்கம் உண்டு. இங்கே கெத்தும் 1952ஆம் ஆண்டின் நச்சுப்பொருள் சட்டத்துக்குக் கட்டுப்பட்டது. சட்டத்தில் மாட்டிக்கொள்வது ஒரு பக்கம் இருக்கட்டும். இரண்டு மயக்க மருந்தை ஒரு வயிற்றில் சேர்த்தால் ஒன்றும் ஒன்றும் இரண்டாவதில்லை, மூச்சே நின்றுபோகக் கூடும். சம்சு குடித்துவிட்டு அரிப்பு மாத்திரை போடுகிறவர்களும் இதைக் குறித்துக்கொள்ளட்டும்.

இப்போது நான் சொல்ல வந்த முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். நம் தோட்டத்தில் ஒரு பையன் நள்ளிரவில் இல்லாத ஆளோடு பேசினால், கண்ணை விரித்துக்கொண்டு நடுங்கினால், நாம் என்ன சொல்லுவோம்? “ஒத்தைப் புளியமரத்துப் பக்கம் போனான், காத்துக் கருப்பு அடித்துவிட்டது” என்போம். வேப்பிலை அடிப்போம். எலுமிச்சம் பழம் அறுப்போம். பேயை ஓட்டுகிறேன் என்று பிரம்பால் அடிப்பவரும் உண்டு. ஒரு மணி, இரண்டு மணி, மூன்று மணி என்று நேரம் போகும். வயிற்றில் இருக்கும் மாத்திரைக்கு வேப்பிலையைத் தெரியுமா? அது பாட்டுக்கு இரத்தத்தில் ஏறிக்கொண்டே இருக்கும். இருதயம் அடங்கிப் போன பிறகு “பேய் அடித்துக் கொன்றுவிட்டது” என்று ஊர் முடிவு கட்டிவிடும்.

நான் யாருடைய பக்தியையும் பழிக்கவில்லை. கும்பிடுகிறவர்கள் தாராளமாகக் கும்பிடட்டும். ஆனால் வண்டி முதலில் ஆஸ்பத்திரிக்குத் திரும்பட்டும். திடீரென்று சித்தம் கலங்கி, உடம்பு சுட்டு, வாய் உலர்ந்து, கண்மணி விரிந்து கிடக்கிறவனைக் கண்டால் மருந்தா, நஞ்சா, மூளைக் காய்ச்சலா என்று டாக்டர்தான் பார்க்க வேண்டும். எதுவாக இருந்தாலும் அது ஆஸ்பத்திரி விஷயமே.

அந்த நேரத்தில் செய்ய வேண்டியது இதுதான். 999க்கு அழையுங்கள், அல்லது கிடைத்த வண்டியில் ஏற்றுங்கள். புளித்தண்ணீர், உப்புத்தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள், புரையேறி மூச்சடைக்கும். கம்பளி போர்த்தாதீர்கள், உடம்பு ஏற்கெனவே கொதிக்கிறது. அடிக்காதீர்கள், கட்டிப்போடாதீர்கள், தனியே விட்டுப் பூட்டாதீர்கள். தூங்கட்டும் என்று இன்னொரு மாத்திரை கொடுக்காதீர்கள். காலியான அட்டை, புட்டி எது கிடந்தாலும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். எத்தனை விழுங்கினான், எப்போது விழுங்கினான், கூடக் குடித்தானா என்று டாக்டரிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள். அங்கே இருதயத்தைக் கருவி வைத்துப் பார்ப்பார்கள், வலிப்பை அடக்குவார்கள், துடிப்பு கெட்டிருந்தால் அதற்குரிய மருந்தை இரத்தத்தில் ஏற்றுவார்கள். நேரத்தோடு போனவர்களில் பெரும்பாலோர் பிழைத்து வீடு திரும்புகிறார்கள். மானம் போகிறதே என்று மறைத்தால் பிள்ளை போய்விடுவான்.

அடுத்து, போதைக்காக அல்லாமல் சாதாரணமாகச் சாப்பிடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் நாற்பது பேரை வைத்து ஒரு பரிசோதனை செய்தார்கள். வண்டி ஓட்டுவது போன்ற ஓர் இயந்திரத்தில் அவர்களை உட்கார வைத்து, ஒரு நாள் மது கொடுத்தார்கள், ஒரு நாள் டைபென்ஹைட்ரமின் 50 மில்லிகிராம் கொடுத்தார்கள். அது ஒரு வேளை மருந்துதான், அதிகமில்லை. குடித்துவிட்டு ஓட்டியதைவிட மருந்து சாப்பிட்டு ஓட்டியது மோசமாக இருந்தது! “எனக்குத் தூக்கமே இல்லை” என்று சொன்னவர்களையும் நம்ப முடியவில்லை. தூக்கம் தெரியாமலே கை தடுமாறியது. இருட்டோடு மோட்டார் சைக்கிள் ஏறிப் பெரட்டுக்குப் போகிறவர்களும், கூரான உளியைக் கையில் பிடிக்கிறவர்களும், மருந்தடிக்கப் போகிறவர்களும் இதை யோசித்துப் பார்க்க வேண்டும். இரவு போட்ட மாத்திரையின் மந்தம் காலையிலும் இருக்கக் கூடும்.

தினமும் தூக்கத்துக்கென்று சாப்பிடுவதும் வீண். சில நாளில் உடம்பு பழகிக்கொள்ளும், தூக்கம் வராது, மாத்திரைதான் கூடும். குளோர்பெனிரமின் 4 மில்லிகிராம் மாத்திரை என்றால், பெரியவர்களுக்கு நாலு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒன்று, ஒரு நாளைக்கு ஆறுக்கு மேல் எக்காரணம் கொண்டும் கூடாது என்பது கணக்கு. வயதானவர்களுக்கு அதுவே அதிகம். சிறுநீர் கட்டும், தடுமாறி விழுவார்கள், புத்தி குழம்பும். கண்ணில் நீரழுத்த நோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது.

குழந்தைகளைப் பற்றிச் சொல்லாமல் விடலாகாது. வேலைக்குப் போகும் தாய், பிள்ளை தூங்கட்டும் என்று சளி மருந்தை ஊற்றினால் அந்தத் தாயின் கஷ்டம் நமக்குப் புரிகிறது. ஆனால் சில பிள்ளைகளுக்கு இந்த மருந்து தூக்கம் தராமல் நேர்மாறாக வெறி பிடித்தாற்போல் ஆக்கிவிடும். புரோமெத்தசினை இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் கொடுக்கவே கூடாது, மூச்சு நின்றுபோகும் என்று 2004 முதல் அமெரிக்காவில் மருந்தின் மேலேயே அச்சிடுகிறார்கள். 2023 டிசம்பரில் இந்திய மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகம், குளோர்பெனிரமினும் பினைலெப்ரினும் கலந்த சளி மருந்தை நாலு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று உத்தரவிட்டது. பிள்ளையைத் தூங்க வைக்க ஆயாக் கொட்டகையும் ஆளும் வேண்டுமே தவிர, புட்டி அல்ல.

“எல்லாம் சரி, கிராணி! கிளினிக்கு பத்து மைல் தூரம். போனால் ஒரு நாள் சம்பளம் போகும். ஏழைக்கு ஏற்ற மருந்தையும் பறிக்கப் பார்க்கிறாயா?” என்று கேட்பவர்கள் இருப்பார்கள். நியாயமான கேள்வி. பதில் சொல்லுகிறேன்.

1955ஆம் ஆண்டின் வேலைச் சட்டப்படி நோய் விடுப்பு உங்கள் உரிமை. இரண்டு ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 14 நாள், ஐந்து ஆண்டுக்குட்பட்டவருக்கு 18 நாள், அதற்கு மேல் 22 நாள். டாக்டர் சீட்டு இருந்தால் அந்த நாளுக்குச் சம்பளம் உண்டு. இதை வாங்கித் தருவதில் கிராணிகளாகிய எங்களுக்கும் பங்கு இருக்கிறது. செக்ரோலில் கோடு போடுவதற்கு முன் ஆள் எங்கே என்று கேட்கிற கிராணி வேண்டும். இரண்டாவது, இந்த மருந்துகள் மளிகைக் கடையில் விற்கக் கூடியவை அல்ல. நச்சுப்பொருள் சட்டப்படி உரிமம் பெற்ற மருந்தாளரோ டாக்டரோதான் கொடுக்க வேண்டும். கடைக்காரர் பிளாஸ்டிக் பையில் உதிரியாகப் போட்டுத் தரும் மாத்திரைக்குப் பெயரும் இல்லை, அளவும் இல்லை, தேதியும் இல்லை. அதை வாங்காதீர்கள். பெட்டியில் ‘மால்’ என்று தொடங்கும் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். மூன்றாவது, செட்டிரிசின், லோரட்டடின் போன்று பின்னால் வந்த மருந்துகள் மூளைக்குள் அவ்வளவாகப் புகுவதில்லை, தூக்கமும் குறைவு. மருந்தாளரிடம் “நான் மரம் வெட்டுகிறவன், மோட்டார் ஓட்டுகிறவன், தூக்கம் வராத மருந்து கொடுங்கள்” என்று வாய் திறந்து கேளுங்கள். 2025இல் அமெரிக்காவின் ஒவ்வாமை மருத்துவர்கள் சிலர், டைபென்ஹைட்ரமினைக் கடைகளிலிருந்து அடியோடு எடுத்துவிடலாம் என்றே எழுதியிருக்கிறார்கள்.

தொழிலாளியை மட்டும் குறை சொல்லிவிட்டுப் போவது நியாயமாகாது. தோட்டத்து ஆஸ்பத்திரி அசிஸ்டெண்டுகளைப் பதிவு செய்வதற்கென்றே 1965இல் நாட்டில் ஒரு சட்டம் வந்தது. டிரசர் ஐயா என்று நாம் கூப்பிட்ட அந்த மனிதர் இருந்த தோட்டத்தில், எந்த வீட்டுக்கு எத்தனை மாத்திரை போகிறது என்று ஒருவருக்காவது தெரிந்திருந்தது. டிரசர் போன இடத்தில் கடைக்காரர் டாக்டராகிவிடுகிறார். ஆகவே நிர்வாகங்களிடம் நாம் கேட்க வேண்டியவை சில உண்டு. தோட்டத்தில் கொடுக்கும் ஒவ்வொரு மருந்து உறையிலும் பெயரும், அளவும், “தூக்கம் வரும்” என்ற எச்சரிக்கையும் தமிழிலும், மற்றத் தொழிலாளர் மொழிகளிலும் எழுதியிருக்க வேண்டும். ஆசிட், அமோனியா கையாள்கிறவருக்குக் கையுறையும் கண்ணாடியும் காலணியும் கொடுக்க வேண்டும். வேலையிடத்துப் பாதுகாப்புக்கு 1994ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. அரிப்பு வராமல் தடுத்தால் பாதி மாத்திரை தானே குறையும். இரவில் ஆபத்து என்றால் ஆஸ்பத்திரிக்குப் போக வண்டி ஒன்று தோட்டத்தில் நிற்க வேண்டும்.

நம் பிள்ளைகள் விஷயத்தில் கடைசியாக ஒரு வேண்டுகோள். மாத்திரை தின்று பிடிபட்ட பையனைக் கள்ளனைப் போல் நடத்தாதீர்கள். லயத்தை விட்டுத் துரத்தினால் அவன் மாத்திரையை விட்டுவிட மாட்டான், நம்மைத்தான் விட்டுவிடுவான். ஏன் தின்றாய், யார் கொடுத்தார்கள், எங்கே வாங்கினாய் என்று பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். கிளினிக்குக்கு அழைத்துச் செல்லுங்கள். வேலை முடிந்த பிறகு ஒரு பந்து, ஒரு திடல், ஒரு நூல்நிலையம் இல்லாத தோட்டத்தில் பையன்களுக்குப் புத்தி சொல்ல மட்டும் நமக்கு என்ன யோக்கியதை?

தோழர்களே! கூலிக்காகவும், வீட்டுக்காகவும், சம்பளத்தோடு விடுப்புக்காகவும் போராடிய கூட்டம் நாம். அந்தப் போராட்டமெல்லாம் பிள்ளைகள் நல்லபடியாக வாழத்தானே? இன்றைக்கே வீட்டிலுள்ள மருந்துப் பெட்டியைத் திறந்து பாருங்கள். பெயரில்லாத மாத்திரையைத் தனியே எடுத்துக் கிளினிக்கில் கொடுத்துவிடுங்கள். மீதியைப் பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் பூட்டுங்கள். இந்தக் கட்டுரையைப் படிக்கத் தெரியாதவருக்குப் படித்துக் காட்டுங்கள்.

– ஒரு தோட்டக் கிராணி, வட ஜோகூர்